பேருக்குக் கொடுத்த இரத்தம்

காலை ஆறரைக்குத் தொடங்கிய வேலை, பத்து மணியாகியும் வரிசை பாதிகூடக் குறையவில்லை. பிள்ளைக் காம்பராவின் நடுவில், குழந்தைகளுக்கென்று செய்த குட்டைக் கதிரையொன்றில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, பெற்றீசியா விரல் குத்திக்கொண்டிருந்தாள். குழந்தைகளை இன்றைக்குக் கோயிலடிக்கு அனுப்பிவிட்டார்கள். தொட்டில் சேலைகளை முடிச்சுப் போட்டு உத்தரத்தில் ஏற்றியிருந்தது. பால்மா வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து அவளுக்குத் தலையை வலித்தது.

பெயரைக் கேட்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். பட்டியலில் சரி போட்டு, அந்த இலக்கத்து லேபலை உரித்துச் சின்னக் குழாயில் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் விரல். கொழுந்து எடுக்கிற கைகளில் ஊசிமுனை லேசில் இறங்காது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் தோல் தடித்து, வெடிப்பெல்லாம் கறுத்துப் போயிருக்கும். இடது கை மோதிர விரல்தான் கொஞ்சம் இளக்கம். அதையும் சுடுநீர்ப் போத்தலின் மேல் வைத்துச் சூடாக்கி, அடியிலிருந்து உருவிவிட்டால்தான் ஒரு துளி எட்டிப் பார்க்கும். பதினைந்து மாதத்தில் இப்படி நாலாயிரம் விரலுக்கு மேல் குத்தியாயிற்று. முகங்கள் அவளுக்கு மறந்துபோகும், விரல்கள் மறப்பதில்லை.

"அடுத்தது வாங்க. பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"எறும்பு கடிச்சா நசுக்கிப்புடுவோம் மிஸி. ஒங்கள அப்படி நசுக்க முடியுமா?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். பெற்றீசியாவும் சிரித்தாள். அவள் தாதியல்ல என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையும் கையுறையும் போட்டிருந்தால் தோட்டத்தில் அவள் மிஸிதான்.

கம்பளையிலிருந்து ஏழு மைல் ஏறினால் வரும் இந்தத் தேயிலைத் தோட்டப் பிரிவில் போன மாதம் ஒருவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. ஆள் கீழ் லயத்து வரிசை வீட்டுக்காரர். கடல் கடந்து போனதேயில்லை, கொழும்புக்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறார். நாட்டில் மலேரியாவே இல்லையென்று ஆகிப் பல வருஷமான பிறகு, வெளிநாடு போகாத ஒருவருக்கு அது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. யாரோ ஒருவர் உடம்பில், காய்ச்சலோ குளிரோ தலைவலியோ காட்டாமல், அந்தக் கிருமி குந்தியிருக்கிறது. அந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான் பல்கலைக்கழகத்து டொக்டர் அம்மா வானையும் மெஷினையும் கொண்டு மலையேறி வந்திருந்தார்.

"காய்ச்சல் இல்லாம மலேரியாவா? நல்ல கதையா இருக்கே. பசிக்காம சாப்புடுறாப்புல" என்றார் தாடி வைத்த ஒருவர். பெற்றீசியா அவருடைய அட்டையை வாங்கினாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

தோட்டம் கொடுத்த பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர்கூட விடுபடக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வரும்போது வானில் இன்னொன்றும் சொன்னார். இந்தத் தோட்டம் முழுசாக முடிந்தால் திட்டத்தை இன்னொரு வருஷத்துக்கு நீட்டுவார்கள், அப்போது உங்களுக்கு ஒரு வருஷக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று. பெற்றீசியா இதுவரைக்கும் ஐந்து கடிதம் வாங்கியிருக்கிறாள். ஐந்தும் மூன்று மாதக் கடிதம். கணவன் ஹென்றி, பெயின்ட் அடிக்க ஏறிய சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து வேலைக்குப் போவதில்லை. கண்டி மஹய்யாவையில் அவர்கள் இருக்கிற வீட்டின் சொந்தக்காரர், "ஒழுங்கா ஒரு வேலைக் கடிதம் காட்டுங்க, அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதுவம்" என்று சொல்லி இரண்டு மாதமாகிறது. மூன்று மாதக் கடிதத்தைக் காட்டியபோது அதை அவர் வாசிக்கக்கூட இல்லை. ஒரு வருஷக் கடிதம் என்ற சொல் காலையிலிருந்து அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

வாசலில் நின்று பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் கணக்கப்பிள்ளை ராஜரத்தினம். முந்தின நாள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் அவர் ஒரே வரியில் அறிவித்திருந்தார்: "ரத்தம் குடுக்காத ஆளுக்குப் பேர் இல்ல." தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் வேலை. நிறை சரியாக இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். வெட்டிவிட்டால் பேரே இல்லை. டொக்டர் அப்படியொன்றைச் சொல்லவேயில்லை. யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று படிவத்தில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. ஆனால் ராஜரத்தினம் சொன்ன பிறகுதான் வரிசை நின்றது என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"இராஜேஸ்வரி!"

பதில் இல்லை.

"இராஜேஸ்வரி! காது கேக்கலியா?"

மூன்றாம் முறை கூப்பிட்டபோது, தலையில் துவாய் போட்ட ஒருத்தி வாசலில் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து உள்ளே வந்து, பெற்றீசியாவின் முன்னால் உட்கார்ந்தாள். அடையாள அட்டையை நீட்டினாள். இருபது வருஷத்துக்கு முந்திய படம், பாதி அழிந்துபோயிருந்தது. அட்டையின்படி வயது நாற்பத்தாறு. எதிரே இருப்பவளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றுக்கு மேல் சொல்ல முடியாது.

"பேரு?"

"ராஜேஸ்வரி."

சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். பெற்றீசியா அவள் இடது கையை எடுத்தாள். மென்மையான கை. கறையில்லை, வெடிப்பில்லை. ஆட்காட்டி விரலின் நகம் நடுவில் பிளந்து இரண்டு துண்டாக வளர்ந்திருந்தது, பிளவின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. தையல் மெஷின் ஊசி நகத்தைத் துளைத்து இறங்கிய அடையாளம் அது. கட்டுநாயக்கா காமென்ட்ஸ் தொழிற்சாலைகளிலிருந்து வந்த பெண்களிடம் பெற்றீசியா அதை நிறையக் கண்டிருக்கிறாள். இது கொழுந்து எடுக்கிற கையே இல்லை.

பின்னால் வரிசையில் பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது. பெற்றீசியா பட்டியலைப் பார்த்தாள். கேட்டால் இவள் எழுந்து போய்விடுவாள், எழுபத்தொன்றாம் இலக்கம் வெறுமையாக நிற்கும். அதற்காக நாளைக்கு மறுபடியும் மலையேற வேண்டும். அப்போதும் ஆள் கிடைக்காவிட்டால் பட்டியல் முழுசாகாது.

அவள் சரி போட்டாள். லேபலை ஒட்டினாள். அந்த விரலில் ஊசி உடனே இறங்கியது.

பன்னிரண்டரைக்கு நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. டொக்டர் அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, பெற்றீசியாவின் தோளில் தட்டி, சிங்களத்தில் "அருமை" என்றார்.

வானின் பின் இருக்கையில் ஷாமில் காலையிலிருந்தே மெஷினோடு உட்கார்ந்து குழாய்களை ஓட்டிக்கொண்டிருந்தான். அக்குறணைப் பையன், ஆய்வுகூடப் படிப்பு முடித்தவன். மெஷின் என்பது சோறு கொண்டுபோகிற பெட்டியளவில் ஒன்று, வானின் பற்றரியில் ஓடும். ஒரு தடவையில் பதினாறு குழாய் பிடிக்கும். அரை மணிக்கு மேல் சூடாக்கிய பிறகு நீல விளக்கில் வைத்துப் பார்த்தால், கிருமி இருக்கிற குழாய் பச்சையாக ஒளிரும். மற்றவை மங்கலாகவே கிடக்கும். எல்லாக் குழாயையும் பார்த்து முடிக்கப் பின்னேரமாகிவிடும். அதுவரைக்கும் இவர்கள் காத்திருந்தார்கள். டொக்டர் பிஸ்கட் சாப்பிட்டார். பெற்றீசியா சப்பாத்தைக் கழற்றி, வீங்கிய பாதத்தைப் புல்லில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது தொகுதி வெளியே வந்தபோது ஷாமில் ஒரு குழாயைத் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா, டொக்டரக் கூப்புடுங்க. ஒண்டு பத்தி ஈக்குது."

எழுபத்தொன்று. பச்சையாக, பார்க்க அழகாகக்கூட இருந்தது. பெற்றீசியா பட்டியலை எடுத்து அந்த இலக்கத்தை மறுபடியும் பார்த்தாள்.

டொக்டர் உடனே தொலைபேசியை எடுத்தார். இராஜேஸ்வரி என்ற பெண், வயது நாற்பத்தாறு, பிறந்ததிலிருந்து இந்தத் தோட்டம், வெளிநாட்டுப் பயணம் இல்லை. காய்ச்சல் வந்தவரும் வெளியே போகாதவர், இவளும் போகாதவள். அப்படியானால் கிருமி இங்கேயே ஆளுக்கு ஆள் பரவுகிறது என்று அர்த்தம். கொழும்புக்குச் சொல்ல வேண்டும், சுற்றிலும் மருந்தடிக்க வேண்டும். அவர் பேசப் பேச, அந்த ஒரு லேபல் எங்கெல்லாம் போகிறது என்று பெற்றீசியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராஜரத்தினம் ஆளனுப்பி மலையிலிருந்து இராஜேஸ்வரியைக் கூப்பிட்டுவந்தார். இடுப்பில் கட்டிய சாக்கோடு, முழங்கால்வரை சேறோடு ஒரு பெண் வந்து வானின் முன்னால் நின்றாள். அகன்ற முகம், முன் தலையில் நரை. நாடி பார்க்க டொக்டர் கேட்டபோது கையை நீட்டினாள். கறுத்து வெடித்த விரல்கள். எந்த நகமும் பிளந்திருக்கவில்லை. ஒரு விரலிலும் ஊசிப் புள்ளி இல்லை.

"உடம்புக்கு ஏதாச்சும் செய்யுதான்னு கேக்குறாங்க" என்றாள் பெற்றீசியா.

"ஒண்ணுமில்லீங்க."

"ஒங்க ரத்தத்துல மலேரியா இருக்காம். ஆஸ்பத்திரியில மூணு நாள் வைக்கணும். பிறகு ரெண்டு கிழமை குளிசை போடணும்னு சொல்றாங்க."

இராஜேஸ்வரி ராஜரத்தினத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "சரிங்க. போறேன். உடுப்பு எடுத்துட்டு வாறேன்."

"நானும் கூடப் போய்ட்டு வாறேன், மிஸ்" என்று டொக்டரிடம் சொல்லிவிட்டுப் பெற்றீசியா சப்பாத்தை மாட்டாமலே இறங்கி நடந்தாள்.

லயத்தில் ஏழாவது காம்பரா. உள்ளே ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் மேசை, மூலையில் வெளிநாட்டு விமானப் பொதிச் சீட்டு ஒட்டிய பெரிய சூட்கேஸ். அதன் மேல் அந்தத் துவாய்க்காரி உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்தாள்.

"இவ யாரு?" என்று பெற்றீசியா கேட்டாள், தெரிந்துகொண்டே.

"நாத்தனா. சஞ்சீவனி" என்றாள் இராஜேஸ்வரி. பிறகு, ஒளித்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதுபோல், ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டே சொன்னாள். "கம்பளையில ஒரு மொதலாளி வீட்டுல துணி தொவைச்சுக் கூட்டித் தள்ளுறேன் மிஸி. கிழமைக்கு ரெண்டு நாளு. அஞ்சு மணி பஸ்ஸுல போய்ப் பதினோரு மணிக்குத் திரும்பிருவேன். காலையில எடுக்க வேண்டிய கொழுந்த நாலு பேர் பங்கு போட்டு எம் பேருக்குப் போட்டுருவாங்க. அவங்களுக்கு ஏலாத அன்னைக்கு நானும் போடுவேன். இது இங்க எல்லாரும் செய்யுறதுதான். இன்னைக்குப் பாத்து ரத்தம் எடுக்குறாங்க. குடுக்காட்டிப் பேர் இல்லன்னுட்டாரு. அதான் எம் பேருக்கு இவளக் குடுக்கச் சொன்னேன்."

"கொழுந்துன்னா யாரு எடுத்தாலும் கொழுந்துதான். ரத்தம் அப்படியாக்கா?"

"நமக்கென்ன தெரியும்? விரலக் குத்தி சரி போடுறாங்க. நாங்க இதையும் பிரட்டு மாதிரின்னுதான் நெனைச்சோம்."

பெற்றீசியா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, நீ எங்க இருந்த?"

"மடகஸ்கார்ல, காமென்ட்ஸ்ல. ஆறு வருஷம்" என்றாள் சஞ்சீவனி. "வந்து நாலு மாசம். அங்க ரெண்டு தடவ காய்ச்சல் வந்துச்சு மிஸி. பிறகு வரவே இல்ல. இப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல, பாருங்களேன்."

"ஏன் நீ வந்து சொல்லல்ல? இங்க தேடுறதே ஒன்னத்தானே."

"பட்டியல்ல எம் பேர் இல்லியே. வெளிநாடு போனோடன வெட்டிட்டாங்க. யாரும் என்னையக் கேக்கல."

காலையில் அந்த விரலைப் பிடித்திருந்தபோது பெற்றீசியாவும்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவளுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

"நான் போய்ப் படுத்துட்டு வந்துர்றேன்" என்றாள் இராஜேஸ்வரி. "மூணு நாள்தானே. வெளி வேலைக்குப் போறேன்னு தெரிஞ்சா அவரு பேர முழுசா வெட்டிருவாரு. இந்த வீட்டுல பேர் இருக்குறது எனக்கு மட்டுந்தான். அது போச்சுன்னா காம்பராவையும் கேப்பாங்க. நாங்க எங்க போறது?"

"நீங்க படுத்தா இவ உடம்புல இருக்குறது போயிருமா? இன்னொரு கொசு கடிக்கும், இன்னொரு ஆளுக்கு வரும். இவளுக்கே ஒரு நாளைக்குத் திருப்பி அடிக்கும்." பெற்றீசியா எழுந்தாள். "வீட்டுல இருக்குற எல்லாரையும் பாக்கணும்னு நான் டொக்டர்கிட்டச் சொல்றேன். அது வழமைதான், சந்தேகப்பட மாட்டாங்க. தங்கச்சி, நீ ஒன் சொந்தப் பேருக்குக் குடு. ராஜேஸ்வரியக்கா, ஒங்ககிட்டயும் இன்னொருக்கா எடுக்கச் சொல்றேன்."

"அப்ப காலையில குடுத்தது யாருன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும். பாப்பம்" என்றாள் பெற்றீசியா. என்ன சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை.

டொக்டர் ஒத்துக்கொண்டார். இரண்டு பேரையும் பெற்றீசியாவே குத்தினாள். இராஜேஸ்வரியின் விரலை மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. பெட்டி சூடாகிய நேரம் முழுக்க மழை தூறியது. வானின் கதவோரமாக எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். ராஜரத்தினமும் குடையோடு வந்து நின்றுகொண்டார்.

நீல விளக்கில் சஞ்சீவனியின் குழாய் பச்சையாக எரிந்தது. இராஜேஸ்வரியின் குழாயில் ஒன்றுமில்லை.

டொக்டர் காலைக் குழாயையும் மாலைக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காலையில் எடுத்ததில் மிச்சம் இருந்ததை ஷாமில் மறுபடியும் ஓட்டினான். மறுபடியும் பச்சை. இன்னொரு முக்கால் மணி நேரம் போயிற்று.

"ஒரே ஆளின் இரத்தம் காலையில் ஒன்றும் பின்னேரம் ஒன்றும் சொல்லாது" என்றார் டொக்டர் சிங்களத்தில். கோபமாக அல்ல, களைப்பாக. "காலையில் இதைக் கொடுத்தது யார்?"

ராஜரத்தினத்துக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். குடையை மடக்கினார்.

"ஏய், ராஜேஸ்வரி. காலையில நீ எங்க இருந்த? நான் மூணு தடவ கூப்புட்டேன். துவாய் போட்டுக்கிட்டு வந்தது நீதானா?"

இராஜேஸ்வரி சாக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சஞ்சீவனி அழத் தொடங்கினாள். ராஜரத்தினத்தின் கை சட்டைப்பைக்குப் போய்ப் பேனையை எடுத்தது. அந்தப் பேனையைப் பார்த்தபோது பெற்றீசியாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தவுடன் ஒரு வருஷக் கடிதமும் நினைவுக்கு வந்தது. ஒரு குழாயில் லேபல் ஒட்டுகிற நேரம் அந்தக் கடிதத்தைத்தான் நினைத்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், பிழை என்னோடதுதான்" என்றாள் சிங்களத்தில். பிறகு ராஜரத்தினத்துக்கும் கேட்கட்டும் என்று தமிழில் திருப்பிச் சொன்னாள். "வந்தது இந்தத் தங்கச்சிதான். வெளிநாட்டுல இருந்து வந்த புள்ள, தன்னையும் கூப்புடுறாங்கன்னு நெனைச்சு வந்து உக்காந்துருச்சு. நான் பேரக் கேக்காமக் குத்திட்டேன். வரிசையில அடுத்த லேபல் ராஜேஸ்வரியக்காவோடது, அத ஒட்டிட்டேன். அவங்க அதுக்குப் பிறகு வந்தாங்க. சரி போட்டிருந்ததால, நீங்க குடுத்தாச்சு போங்கன்னு நாந்தான் திருப்பி அனுப்புனேன்."

"அப்ப ராஜேஸ்வரி வந்தாளா?"

"வந்தாங்கய்யா. நான்தானே அனுப்பினேன்."

ராஜரத்தினம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷமாகப் பேர் போடுகிற மனிதர், பொய் எது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி டொக்டர் முன்னால் சொல்வதை மறுத்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. பேனையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

டொக்டர் அம்மா நெற்றியைத் தேய்த்தார். "பெற்றீசியா, நீங்களா?" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது பெற்றீசியாவுக்கு. "ஒரு லேபல் பிழையானால் நூற்றுப் பன்னிரண்டும் சந்தேகம்தான். எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும். நான் இதை அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டும், விளங்குதா?"

"விளங்குது, மிஸ்."

சஞ்சீவனியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இன்னொரு வாகனம் வந்தது. அவள் ஏறும்போது இராஜேஸ்வரி அந்தத் துணிப்பையை, தனக்கென்று அடைத்ததை அப்படியே, அவள் மடியில் வைத்தாள். சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். பின்னேர நிறுவைக்கு இன்னும் அரை மணி இருந்தது, நிறை குறைந்தால் அரைப் பேர்தான்.

கண்டிக்குத் திரும்பும் வழியெல்லாம் டொக்டர் முன் இருக்கையில் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். பின்னால் ஷாமில் பெட்டியை மடியில் வைத்திருந்தான். பேராதனை தாண்டியதும் மெல்லிய குரலில் கேட்டான்.

"அக்கா, நாலாயிரம் லேபல் ஒட்டினீங்க. ஒண்டு பிசகினத நான் காணல்ல. இண்டைக்கி மட்டும் எப்பிடி?"

"வயசாகுது, தம்பி."

"பொய் செல்ல வேணாம். டொக்டருக்கிட்ட நான் செல்லட்டா?"

"என்னன்னு சொல்லப் போற? சொன்னா அந்தப் பொம்பளைக்குப் பேர் போயிரும். பேசாம இரு, ராசா."

வீட்டில் ஹென்றி, "கடிதம் பத்தி ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்டான். "கேக்க நேரமில்ல" என்றாள். அது ஒன்றும் பெரிய பொய்யில்லை.

அடுத்த கிழமை வான் மறுபடியும் மலையேறியபோது அதில் ஒரு புதுப் பெண் இருந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். போன மாதம்தான் டிப்ளோமா முடித்தவள். டொக்டர் பிள்ளைக் காம்பராவின் வாசலுக்குப் பெற்றீசியாவைத் தனியே கூப்பிட்டு, கடன் கேட்க வந்த உறவுக்காரர் மாதிரி தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்த மாத முடிவோடு பெற்றீசியாவின் கடிதம் முடிகிறது, மேலே நீட்டச் சொல்லிக் கேட்க முடியவில்லை, அறிக்கையைப் பார்த்துவிட்டு மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள். போன கிழமை கண்டுபிடித்தது மிகப் பெரிய விஷயம், சஞ்சீவனி நன்றாக இருக்கிறாள், திட்டத்தை ஒரு வருஷத்துக்கு நீட்டிவிட்டார்கள். இந்தப் புதுப் பெண்ணுக்குத் தமிழ் அவ்வளவு வராது, கையும் பழகவில்லை. மாதம் முடியும்வரை கொஞ்சம் பழக்கிவிடுங்கள்.

"சரி, மிஸ்" என்றாள் பெற்றீசியா. உள்ளே போய் லேபல் தாளை மேசையில் விரித்துவைத்தாள்.

புதுப் பெண் கையுறையை மாட்டிக்கொண்டு குட்டைக் கதிரையில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து எழுத்துவேலைக்கான பேனையை எடுத்தபோது அவளுடைய நியமனக் கடிதமும் சேர்ந்து வெளியே வந்தது. கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தாள். ஒரு வருஷம் என்று போட்டிருந்த திகதிகளைப் பெற்றீசியா தலைகீழாகவே வாசித்தாள். பெண் கூச்சத்தோடு அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, ஊசியை எடுத்துப் பார்த்தாள்.

"நான் இதுவரைக்கும் ஆளுக்குக் குத்தினதில்லை, அக்கா" என்றாள் சிங்களத்தில். "வலித்தால் ஏசுவார்களா?"

"முதல்ல என் கையில பழகுங்க" என்று பெற்றீசியாவும் சிங்களத்திலேயே சொல்லி, கையுறையைக் கழற்றி, இடது கையை அவள் முன்னால் மேசையில் வைத்தாள்.

முதல் குத்து தோலைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாவதில் வலித்தது, இரத்தம் வரவில்லை. "பயப்படாம அழுத்துங்க. பக்கவாட்டுல குத்தணும், நடுவுல இல்ல. அடியில இருந்து உருவிவிடுங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவதில் ஒரு துளி திரண்டு நின்றது. புதுப் பெண் சந்தோஷத்தில் சிரித்தே விட்டாள். லேபல் தாளை இழுத்து, "இது எந்த இலக்கம்?" என்று கேட்டாள்.

"இதுக்கு இலக்கம் இல்ல" என்றாள் பெற்றீசியா. பஞ்சால் அதைத் துடைத்து வாளியில் போட்டாள். வெளியே ராஜரத்தினம் முதல் பெயரைக் கூப்பிட்டார். அதற்குள் இன்னொரு தடவை பழகிக்கொள்ளட்டும் என்று, குத்தாத விரலைப் பார்த்து நீட்டினாள்.